காந்தம் எஃகை இழுக்கவில்லை, தடுத்தது

புக்கிட் மெர்தாஜாமுக்குப் பக்கத்தில், பிறையில் இருந்த மலாயாவாத்தா எஃகு ஆலையைப் பற்றி வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஜப்பானின் யாவாத்தா நிறுவனத்தோடு சேர்ந்து அமைத்த ஆலை அது. 1967இல் உற்பத்தி தொடங்கியது. அதன் ஊது உலையில் எரிந்தது ரப்பர் மரக் கரி. நம்மவர்கள் தோட்டத்தில் வெட்டிய பால்மரம், வயதானதும் கரியாகி இரும்பை உருக்கியது.

உருக்கிய எஃகைக் கட்டியாக்குவது அடுத்த வேலை. உலகெங்கும் 1950களுக்குப் பிறகு பரவிய முறை தொடர் வார்ப்பு. நீரால் குளிரூட்டப்படும் செப்பு அச்சுக்குள் எஃகை ஊற்றுவார்கள். ஓரம் முதலில் உறையும். உள்ளே திரவமாக இருக்கும்போதே அதைக் கீழ்வழியாக இழுத்துக்கொண்டே இருப்பார்கள்.

வேகத்தைக் கூட்டினால் சிக்கல் வரும். குழாயிலிருந்து பாயும் எஃகு, வாயுக் குமிழிகளையும் அழுக்குத் துகள்களையும் ஆழத்துக்கு இழுத்துச் செல்லும். அவை தகட்டில் குறைகளாக நின்றுவிடும். ஏறக்குறைய 1500 பாகை செல்சியஸ் சூட்டில் ஓடும் திரவத்தைத் தொடாமல் எப்படி அடக்குவது?

“காந்தம் வச்சா இரும்பு ஒட்டிக்கும்தானே, சார்?” வகுப்பில் உடனே வரும் பதில் இதுதான். தவறு! இரும்பு சுமார் 770 பாகையைத் தாண்டினாலே அந்த ஈர்ப்புப் பண்பை இழந்துவிடும். ஆனால் உருகிய எஃகு மின்சாரத்தைக் கடத்தும். அந்த ஒன்று போதும்.

இதற்கான விதை 1831இல் ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டல். மறு ஆண்டே அவர் லண்டன் வாட்டர்லூ பாலத்தில் கம்பி கட்டி, பூமியின் காந்தப்புலத்தில் ஓடும் தேம்ஸ் ஆற்றில் மின்னோட்டம் உண்டாகிறதா என்று அளக்க முயன்றார். தெளிவான விடை கிடைக்கவில்லை. ஆனால் எண்ணம் சரியானது. 1937இல் டென்மார்க்கின் ஹார்ட்மன், காந்தப்புலத்தில் பாதரசத்தை ஓடவிட்டு, அதன் ஓட்டம் மாறுவதை அளந்து காட்டினார். 1980களின் தொடக்கத்தில் ஜப்பானின் கவாசாக்கி ஸ்டீலும் சுவீடனின் ஆசியா நிறுவனமும் சேர்ந்து, வார்ப்பு அச்சில் ‘மின்காந்த பிரேக்’ பொருத்தின. ஆற்றங்கரையில் கைகூடாத சோதனை, சுமார் 150 ஆண்டு கழித்து ஆலைக்குள் வேலை செய்தது.

தேர்வில் எந்த மொழியில் எழுதினாலும், காரணத்தை இந்த வரிசையில் எழுதுங்கள்:

1. கடத்தியான உருகிய எஃகு, காந்தப்புலத்தை வெட்டி ஓடுகிறது.
2. அதற்குள் மின்னோட்டம் தூண்டப்படுகிறது.
3. அந்த மின்னோட்டத்தின் மீது காந்தப்புலம் விசை செலுத்துகிறது.
4. லென்ஸ் விதிப்படி, அவ்விசை ஓட்டத்தை எதிர்க்கிறது, வேகம் குறைகிறது.

காந்தப்புலமே நகர்ந்தால் கதை மாறும். தூண்டல் மோட்டாரில் சுழலி சுழல்வதுபோல, எஃகு புலத்தைத் தொடர்ந்து கலங்கும். இது ‘மின்காந்தக் கலக்கி’. நிலையான புலம் தடுக்கும், நகரும் புலம் கலக்கும். இந்த வேறுபாட்டைப் பலர் விட்டுடுறாங்க.

ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை: ஒரு செப்புக் குழாய், ஒரு வலுவான சிறு காந்தம் போதும். முதலில், காந்தம் குழாயில் ஒட்டவில்லை என்று காட்டுங்கள். பிறகு உள்ளே போடுங்கள். அது மெதுவாக இறங்குவதைப் பார்த்த மாணவர், ‘காந்தம் இழுக்கிறது’ என்று இனி எழுதமாட்டார்.