யார் பணத்தில் பள்ளி? பழைய சேலம் ஜில்லாவின் வடபகுதியில் ஆண், பெண் உயர்நிலைக் கல்வி

தருமபுரி மாவட்டத்தில் பெண்கல்வி ஏன் பின்தங்கியது என்று கேட்டால் இரண்டு பதில்கள் உடனே வந்து விழும். ஒன்று, வறட்சி. மற்றொன்று, பெண்ணைப் படிக்கவைக்க ஊருக்கு மனமில்லை. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் முதல் நாற்பது ஆண்டுகளில் சென்னை மாகாணத்து உயர்நிலைப் பள்ளிகள் யார் பணத்தில் நடந்தன என்று பார்த்தால் மூன்றாவது பதில் ஒன்றும் கிடைக்கிறது. பையன்கள் பள்ளி தன் செலவில் கணிசமான பங்கைப் பிள்ளைகள் கட்டும் கட்டணமாக, அன்றைய பேச்சில் ‘சம்பளமாக’, வசூலித்துக்கொண்டது. பெண்கள் பள்ளிக்கு வேறு யாராவது பணம் போட வேண்டியிருந்தது. போட ஆள் இருந்த ஊர்களில் பெண்கள் படித்தார்கள்.

1965 அக்டோபர் 2 வரை தருமபுரி, சேலம் ஜில்லாவின் வடபகுதிதான். அதற்கு முன் பாராமகால். 1792இல் கம்பெனியின் கைக்கு வந்த இந்தச் சீமையில் கர்னல் ரீடின் கீழ் வரி வேலை பார்த்த தாமஸ் மன்றோ தருமபுரியில் குடியிருந்தவர். பின்னாளில் கவர்னரானதும் 1822இல் மாகாணத்துப் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொன்னார். 1826இல் அவர் எழுதிய குறிப்பில் 12,498 பள்ளிகள் என்று கணக்கு வருகிறது. ஜில்லாவுக்கு இரண்டு பெரிய பள்ளி, தாசில்தார் ஆளும் பகுதிக்கு ஒன்று என்பது அவருடைய திட்டம். அடுத்த ஆண்டே அவர் காலராவில் இறந்தார். திட்டமும் சில ஆண்டுகளில் கைவிடப்பட்டது. தாசில்தார் கச்சேரி இருக்கும் ஊரில்தான் பெரிய பள்ளி என்ற எண்ணம் மட்டும் அழியவில்லை. நூறு ஆண்டு கழித்தும் பையன்கள் பள்ளி கச்சேரியைப் பார்த்தபடியே நின்றது, உத்தியோகம் அங்கே இருந்ததால்.

1884ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டத்துக்குப் பின் ஜில்லா போர்டும் தாலுகா போர்டும் பள்ளி நடத்தும் பொறுப்பை ஏற்றன. ‘போர்டு ஹைஸ்கூல்’ என்ற பெயர் ஊர்ப்பேச்சில் நிலைத்தது இப்படித்தான். வரவு மூன்று வழிகளில் வந்தது: பிள்ளைகள் கட்டும் சம்பளம், சர்க்கார் பணம், போர்டின் வரிப்பணம். மிஷனரியோ தனியாரோ நடத்தினால் வரிப்பணத்தின் இடத்தில் நன்கொடை. முஸ்லிம்களுக்கும் பிற்பட்ட வகுப்பாருக்கும் அரைச் சம்பளம் என்ற சலுகை இருந்தது. மற்றவர்கள் முழுச் சம்பளம் கட்டியே தீரவேண்டும். சம்பளம் கட்டும் பையன்கள் குறைந்தால் நாலாவது பாரத்துக்கு (‘பாரம்’ என்பது உயர்நிலைப் பள்ளி வகுப்பின் அன்றைய பெயர்) மேல் வகுப்பு நடத்துவது போர்டுக்குக் கட்டுப்படியாகாது.

கட்டினார்கள், காரணம் ஒரு புத்தகம். பழைய மெட்ரிகுலேஷனுக்குப் பதிலாக 1909இல் எஸ்.எஸ்.எல்.சி. திட்டம் வந்து, 1911இல் முதல் பொதுத்தேர்வு நடந்தது. இன்று வியப்பாகத் தோன்றும், அந்தத் திட்டத்தில் பாஸ், பெயில் என்ற தீர்ப்பு கிடையாது. மேல் பாரங்களில் வகுப்பில் வாங்கிய மார்க்கும் பொதுத்தேர்வு மார்க்கும் ஒரே புத்தகத்தில் பதிவாகும். கல்லூரிக்குத் தகுதியானவர்கள் பட்டியல் தனியே வரும். அதில் பெயர் உள்ளவன் ‘எலிஜிபிள்’. பெயர் இல்லாதவனுக்கும் புத்தகம் கையில் உண்டு, அதைக் காட்டி வேலை தேடலாம். அதில் ஏறிய பிறந்த தேதிதான் உத்தியோகத்தில் ஓய்வு பெறும் நாள் வரை செல்லும். குமாஸ்தா வேலைக்கும் வாத்தியார் பயிற்சிக்கும் அதுவே நுழைவுச்சீட்டு. மகனுக்குக் கட்டிய சம்பளம் என்றைக்காவது திரும்பி வரும் என்ற கணக்கு வீட்டுக்கு வீடு இருந்தது.

கற்பித்தல் ஆங்கிலத்தில். ஓசூர்ப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் வீட்டு மொழிகளாக இருந்ததால், மேல் வகுப்பு ஆங்கிலம் அங்கே எல்லாருக்கும் சமமான தொல்லை என்றுகூடச் சொல்லலாம். பட்டம் பெற்றுச் சைதாப்பேட்டையில் எல்.டி. என்னும் ஆசிரியர் பயிற்சி முடித்தவருக்கு மதிப்பும் ஊதியமும் அதிகம். தமிழ்ப் பண்டிதருக்கு இரண்டும் குறைவு. 1904இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தற்காலிகத் தமிழாசிரியராக இருந்த பாரதிக்கு மாதம் 17½ ரூபாய். சேலத்தில் வக்கீலாக இருந்த ராஜாஜி 1916இல் நண்பர்களோடு சேர்ந்து தமிழில் அறிவியல் கலைச்சொற்கள் உருவாக்கச் சங்கம் தொடங்கியதற்கும், 1937இல் முதலமைச்சரானபின் உயர்நிலைப் பள்ளியில் தாய்மொழியைப் பயிற்றுமொழியாக்க முனைந்ததற்கும் இந்தப் பின்னணி உண்டு.

ராஜாஜியே இந்தப் பகுதியின் பிள்ளை. 1878இல் தொரப்பள்ளியில் பிறந்து, ஓசூர் அரசுப் பள்ளியில் படித்துவிட்டு, மேலே படிக்கப் பெங்களூர் சென்ட்ரல் காலேஜுக்குப் போனார். ஓசூர்க்காரருக்குச் சேலத்தைவிடப் பெங்களூர் பக்கம். தருமபுரிப் பையன் சேலத்து முனிசிபல் காலேஜைப் பார்ப்பான். 1906இல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு இரண்டரை அடி அகலச் சின்ன ரயில் வந்தது. 1913இல் அது ஓசூர் வரை நீண்டது. பஞ்ச காலத்தில் தானியம் கொண்டுவரப் போட்ட பாதை அது. இரண்டாம் உலகப் போர் தண்டவாளத்தைப் பெயர்க்கும்வரை பையன்களின் டிரங்குப் பெட்டிகளுக்கும் பயன்பட்டிருக்கும். பெண் பிள்ளையைத் தனியாக அந்த வண்டியில் ஏற்றிவிட எந்த வீடும் துணியாது. ஆகவே பெண்ணுக்குப் பள்ளி உள்ளூரில் வேண்டும், அல்லது விடுதியோடு வேண்டும். இரண்டுமே செலவு.

இங்கே வயதுக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். முதல் பாரத்தில் சேரும் வயது பத்து, பதினொன்று. ஆறாவது பாரம் முடிக்கும்போது பதினாறு. மகன்களை உயர்நிலைப் பள்ளிக்கு முதலில் அனுப்பிய அதே மேல்சாதிக் குடும்பங்களில்தான் மகள்களுக்குப் பூப்புக்கு முன் கல்யாணம் என்ற கட்டுப்பாடு மிக இறுக்கமாக இருந்தது. சம்பளம் கட்டும் சக்தியுள்ள வீட்டுப் பெண், சம்பளம் கட்டவேண்டிய வயது வருமுன் புக்ககம் போய்விடுகிறாள். சாரதா சட்டம் 1929இல் நிறைவேறியபோதும் பெண்ணின் திருமண வயது 14தான். அதாவது நாலாவது பாரத்து வாசல். தாலுகா ஊரில் பெண்களுக்கென்று தனி ஹைஸ்கூல் திறந்தால் பெஞ்சுகள் பாதி காலியாக இருக்கும் என்று போர்டு உறுப்பினர் சொன்னால் அவரைப் பொய்யர் என்று சொல்வதற்கில்லை.

இன்னொரு முடிச்சும் உண்டு. பெண்கள் பள்ளிக்குப் பெண் ஆசிரியைகளே வேண்டும் என்பது பெற்றோர் எதிர்பார்ப்பு. மேல் பாரங்களுக்குப் பட்டதாரி ஆசிரியை வேண்டும். ஆனால் சென்னையில் பெண்களுக்கென்று அரசு கல்லூரி தொடங்கியதே 1914இல்தான். டோரதி டி லா ஹே முதல் முதல்வராக இருந்த அது பிறகு ராணி மேரி கல்லூரி ஆயிற்று. மகளிர் கிறித்தவக் கல்லூரி 1915இல் வந்தது. பள்ளி இல்லாமல் பட்டதாரி இல்லை. பட்டதாரி இல்லாமல் பள்ளி இல்லை.

இந்த முடிச்சை அவிழ்த்த வழி விதவைகள் வழியாக வந்தது. 1886இல் பிறந்து, சிறுவயதில் கைம்பெண்ணான சுப்புலட்சுமி 1911இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். பெண்கள் பள்ளிகளின் இன்ஸ்பெக்டராக இருந்த கிறிஸ்டினா லிஞ்ச் துணை நிற்க, விதவைச் சிறுமிகள் சிலரோடு எழும்பூரில் ஒரு விடுதி தொடங்கினார். அது பின்னர் கடற்கரை ஐஸ் ஹவுஸுக்குப் பெயர்ந்தது. 1922இல் லேடி வெல்லிங்டன் பயிற்சிக் கல்லூரியும் அதைச் சார்ந்த மாதிரிப் பள்ளியும் அவர் தலைமையில் நடந்தன. சர்க்கார் இதற்குப் பணம் கொடுத்ததில் கருணைக்குப் பங்கு இருக்கலாம். ஆசிரியைத் தட்டுப்பாட்டுக்குத்தான் பெரும்பங்கு. வீட்டில் ஒதுக்கிவைத்த பெண்ணே பள்ளிக்குக் கிடைத்த ஆசிரியை. கல்யாணக் கணக்கிலிருந்து விலக்கப்பட்டவள் என்பதால்தான் அவளால் பதினாறு வயதுவரை படிக்க முடிந்தது. கொடுமையான முரண், ஆனால் நிர்வாகத்துக்குக் கைகொடுத்தது.

மனமில்லை என்ற வாதத்துக்கு வருவோம். புதுக்கோட்டையில் முத்துலட்சுமி என்ற மாணவியை மகாராஜா கல்லூரியில் பையன்களோடு சேர்க்க எதிர்ப்பு கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் சம்மதித்தார், முத்துலட்சுமி சேர்ந்தார். 1912இல் மருத்துவப் பட்டம் பெற்றார். யாழ்ப்பாணத்தில் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் சைவப் பெண்களுக்கு விடுதியோடு இராமநாதன் கல்லூரியைத் தம் செல்வத்தைக் கொண்டு நிறுவினார். பாளையங்கோட்டை சாராள் தக்கர் கல்லூரி மிஷன் பணத்தில் 1895இலேயே கல்லூரி நிலைக்கு உயர்ந்தது. புதுக்கோட்டைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நெல்லைக்கும் முற்போக்கான பெற்றோர் மட்டும் தனியாக வாய்த்தார்கள் என்று நம்ப முடியாது. ராஜாவோ, செல்வரோ, மிஷனோ செலவை ஏற்றதும் வகுப்பு நிரம்பியது. பாராமகாலில் சமஸ்தானம் இல்லை. இராமநாதன் போன்ற கொடையாளர் இல்லை. லண்டன் மிஷனின் நிலையங்களோ சேலத்திலும் திருப்பத்தூரிலும் இருந்தன. மிஞ்சியது போர்டு. 1920ஆம் ஆண்டின் ஆரம்பக் கல்விச் சட்டத்துக்குப் பின் அதன் கைப்பணமும் கவனமும் ஆரம்பப் பள்ளிகள் பக்கம் இழுக்கப்பட்டன.

மலிவான வழி ஒன்று இருந்தது: பையன்கள் ஹைஸ்கூலிலேயே பெண்களையும் சேர்த்துக்கொள்வது. மாகாணத்தின் சிறிய ஊர்கள் பலவற்றில் அப்படித்தான் நடந்தது. முன்வரிசையில் ஓரமாக ஒரு பெஞ்சு, அதில் ஓரிரு பெண்கள். தனிப்பள்ளி வேண்டும் என்று மேடையில் முழங்கியவர்களைவிட, அந்த ஒற்றை பெஞ்சை அனுமதித்த தலைமையாசிரியர்கள் அதிகம் செய்தார்கள் என்பது இக்கட்டுரையின் மதிப்பீடு. அவர்களுக்குச் சிலை கிடையாது.

சுதந்திரத்துக்குப் பின் சம்பளம் படிப்படியாக ஒழிந்து, ஆசிரியர் ஊதியம் கருவூலத்துக்குப் போனதும் நிலைமை மாறியது. இன்று தருமபுரி நகரில் ஆண்களுக்கு அதியமான் பெயரிலும் பெண்களுக்கு அவ்வையார் பெயரிலும் அரசு மேல்நிலைப் பள்ளிகள் இருக்கின்றன. ஆனாலும் 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் தருமபுரிதான்: 68.5 விழுக்காடு. ஆண்களில் ஏறத்தாழ 77, பெண்களில் 60. வறட்சி மட்டுமே காரணமென்றால் மகனையும் மகளையும் அது ஒரே அளவில் தொட்டிருக்கும். இந்த 17 புள்ளி இடைவெளியை விளக்கப் புகுபவர்கள் மழைப் பதிவேடுகளோடு ஜில்லா போர்டின் பழைய வரவு செலவுக் கணக்குகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். எந்தப் பள்ளிக்குப் பணம் ஒதுக்கினார்கள், எதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைத்தார்கள் என்பது அங்கேதான் தெரியவரும்.