டேப் ரெக்கார்டரில் தொடங்கிய மன்றம்

மன்ற வரலாறு என்றால் கால்கோள் விழா, கட்டடம், தலைவர்கள் பட்டியல் என்று எழுதுவது வழக்கம். நமக்கு அதெல்லாம் பின்னால் வந்தவை. முதலில் இருந்தது பெரியகுளம் வடகரையில் ஒரு மாடி அறை, ஒரு டேப் ரெக்கார்டர், ஞாயிறு சாயங்காலம். கூடியவர்கள் நாலைந்து வாத்தியார்கள், ஒரு மாங்காய் வியாபாரி, கோயில் திருவிழாக்களில் வாசிக்கும் தவில்காரர் ஒருவர்.

1986இல் ‘ஹௌ டு நேம் இட்?’ கேசட் வந்தது. தேனியில் பஸ் மாறினால் பண்ணைப்புரம். அந்த ஊர்க்காரர் இளையராஜா, தியாகராஜருக்கும் பாக்குக்கும் சேர்த்துக் காணிக்கையாக்கிய இசை. சினிமாப் பாட்டு என்று நம்பி வந்தவர்கள் பாதியில் எழுந்து போனார்கள். இருந்தவர்களை ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’ பிடித்துக்கொண்டது. பாக்கின் மூன்றாம் பார்ட்டீட்டாவின் முகப்பிசையை வி. எஸ். நரசிம்மனின் வயலின் மூச்சுவிடாமல் இழைத்துப் போகும். ராஜா எழுதிய வாத்தியங்கள் பக்கத்திலேயே வேறு பேச்சுப் பேசிக்கொண்டு வரும். தவில்காரர் தொடையில் தட்டிப் பார்த்தார், தவறவிட்டார், மறுபடி போடச் சொன்னார். மறுபடி மறுபடி போட்டதில் ஒருநாள் நாடா சிக்கியது. பென்சில் விட்டுச் சுற்றி மீட்டோம். அதற்கப்புறம் அந்த இடம் வரும்போதெல்லாம் வயலின் கொஞ்சம் குழறியது.

1988இல் ‘நத்திங் பட் விண்ட்’. ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல், பின்னால் 50 பேர் வாத்தியக் குழு. ஒற்றை வாத்தியம் முன்னின்று கேட்க, கூட்டம் பதில் சொல்கிற கான்செர்ட்டோ என்ற வடிவம் எங்களுக்குப் பிடிபட்டது இதில்தான். லண்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவுடன் ரவிசங்கர் 1971இல் பதிவு செய்த சிதார் கான்செர்ட்டோவை அதற்கப்புறம்தான் தேடிப் பிடித்தோம். ‘மொசார்ட் ஐ லவ் யூ’ என்று ராஜா பெயர் வைத்திருந்ததை நம்பித்தான் மொசார்ட்டின் கிளாரினெட் கான்செர்ட்டோவிடம் போனோம். உள்ளூர்க்காரர் சொன்னால் தட்ட முடியுமா! வயலின் கேசட்டைவிடக் குழல் கேசட்டே கான்செர்ட்டோவுக்கு நெருக்கம் என்பது என் கட்சி. மன்றத்தில் இதற்கு எதிர்க்கட்சிதான் பெரிது.

கட்டடம், நாற்காலிகள், நன்கொடையாளர் விவரம் அடுத்த பக்கங்களில் உள்ளன.

2025 மார்ச் 8இல் ராஜாவின் ‘வேலியன்ட்’ சிம்பொனி லண்டனில் அரங்கேறியது. அந்த வாரம் பழைய கேசட்டுகளைக் கேட்கலாம் என்று பீரோவைத் திறந்தோம். கேசட்டுகள் இருக்கின்றன; டேப் ரெக்கார்டர்தான் ஓடவில்லை. உங்கள் வீட்டுப் பரணில் ஓடுகிற டேப் ரெக்கார்டர் ஏதும் இருந்தால், மன்றத்துக்குக் கொடுத்து உதவுங்கள்.