மாம்பழத் தோலின் நிறமும் ஊட்டமும்

மாம்பழத் தோலுக்கு நிறம் தருபவை பச்சையம், கரோட்டினாய்டு, ஆந்தோசயனின் என்னும் நிறமிகள். பங்கனப்பள்ளி பழுக்கையில் பச்சையம் சிதைந்து, கரோட்டினாய்டின் மஞ்சள் வெளித்தெரிகிறது. செந்தூராவின் சிவப்பு ஆந்தோசயனினால் வருவது; ஒரே பழத்தில் வெயில் பட்ட கன்னம் சிவந்திருக்க, இலை மறைத்த பக்கம் வெளிறியிருக்கும். அந்தச் சிவப்பு தோலோடு நின்றுவிடுகிறது. தோலைச் சீவி எறிபவருக்கு அதனால் பயனில்லை. இமாம் பசந்த் நன்றாகக் கனிந்த பிறகும் பெரும்பாலும் பச்சையாகவே இருக்கும்.

ஆகவே ஊட்டத்தை அறியச் சதையைத்தான் பார்க்க வேண்டும். ஆரஞ்சு கலந்த ஆழ்ந்த மஞ்சள் சதையில் பீட்டா கரோட்டின் மிகுதி. உடல் அதை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. வைட்டமின் சி இதற்கு நேர்மாறு: காயில் கூடுதலாக இருந்து, பழுக்கப் பழுக்கக் குறையும்.

கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைத்த பழத்தின் தோல் ஒரே சீராக மஞ்சளாகும். வெட்டினால் கொட்டையருகே சதை வெளுத்துப் புளிக்கும். உடல்நலத்துக்குக் கேடான இம்முறைக்கு இந்தியாவில் தடை உண்டு. பழுக்கவைக்க எத்திலீன் வாயுவுக்கு 100 பிபிஎம் வரை அனுமதி. வாங்குவோர் நிறத்தை நம்பாமல் காம்படியை முகர்ந்து பார்த்து எடுப்பதே நல்லது.