நெருப்புக்குக் காத்திருக்கும் மரம்



காட்டுத்தீச் செய்தி ஒன்றைப் பார்த்துவிட்டு, "தீயால் காட்டுக்கு நன்மையே கிடையாதா சார்?" என்று பழைய மாணவி ஒருத்தி கேட்டிருந்தாள். ஒரு வரியில் பதில் சொல்ல முடியாத கேள்வி. அதனால் ஒரு வரலாற்றைச் சொல்கிறேன்.

கனடாவிலும் அமெரிக்காவின் வடபகுதியிலும் ஜாக் பைன் என்றொரு மரம் உண்டு. மணற்பாங்கான ஏழை மண்ணிலும் வளரும். அதன் கூம்புகள் பல பிசினால் இறுக ஒட்டி, ஆண்டுக்கணக்கில் மூடியே கிடக்கும். வெப்பம் சுமார் 50 டிகிரி செல்சியஸைத் தொட்டால்தான் பிசின் இளகும், கூம்பு விரியும். தீ கடந்துபோன பின், சாம்பல் படிந்த வெறும் தரையில் விதைகள் விழும். நிழல் தர வேறு மரம் இல்லாததால் கன்றுகள் நெருக்கமாக எழும்பும்.

மிச்சிகன் மாநிலத்தின் இந்த இளங்காடுகளை நம்பி ஒரு சிறு பறவை வாழ்கிறது. பெயர் கிர்ட்லாண்ட் கதிர்க்குருவி. குளிர்காலத்தைப் பஹாமாஸ் தீவுகளில் கழித்துவிட்டு, கோடையில் கூடு கட்ட வடக்கே வரும். தரையைத் தொடும் கிளைகளின் மறைவில்தான் கூடு கட்டும். மரத்துக்கு ஏறத்தாழ 5 முதல் 20 வயது வரைதான் அந்த மறைவு இருக்கும். பிறகு கீழ்க்கிளைகள் பட்டுப்போகும். பறவையும் இடம் மாறிவிடும்.

இனி வரலாற்றுக்கு வருவோம். எந்தக் காட்டுத்தீயையும் மறுநாள் காலை 10 மணிக்குள் அடக்கிவிட வேண்டும் என்று அமெரிக்க வனத்துறை 1935இல் விதி வகுத்தது. உயிரையும் உடைமையையும் காக்க எழுந்த நல்ல எண்ணம்தான். ஆனால் தீ குறைந்ததும் இளங்காடுகள் குறைந்தன. போதாக்குறைக்கு, காக்கைக் கூட்டில் குயில் முட்டையிடுவதுபோல, கௌபேர்ட் என்ற பறவை இந்தக் குருவியின் கூட்டில் முட்டையிட்டது. 1951 கணக்கெடுப்பில் பாடும் ஆண் குருவிகள் 432 இருந்தன. 1974இல் 167தான்.

துறையினர் விழித்துக்கொண்டார்கள். 1972 முதல் கௌபேர்டுகளைப் பொறிவைத்துப் பிடித்தார்கள். குருவிக்கு இளங்காடு உண்டாக்கத் தாங்களே திட்டமிட்டுத் தீ வைத்தார்கள். 1980 மே 5 அன்று, மேக் ஏரி அருகே அப்படி வைத்த தீ கைமீறிப் போயிற்று. சுமார் 24,000 ஏக்கர் எரிந்தது. 44 வீடுகளும் கட்டடங்களும் அழிந்தன. தீயை அணைக்கப் போன ஊழியர் ஒருவர் உயிரிழந்தார்.

எரிந்த நிலத்தில் ஜாக் பைன் முளைத்தது. சில ஆண்டுகளில் குருவிகள் அங்கே குடியேறின. 1990களில் அவற்றின் எண்ணிக்கை மளமளவென்று ஏறியது. 2019இல் அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பட்டியலிலிருந்தே அந்தப் பறவை நீக்கப்பட்டது.

ஆகவே தீ நல்லது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அந்த ஊழியரின் வீட்டாரிடம் போய் அப்படிச் சொல்ல யாருக்கு வாய் வரும்? இன்று அங்கே பெரும்பாலும் முதிர்ந்த மரங்களை வெட்டி எடுத்துவிட்டுக் கன்றுகளை நடுகிறார்கள். தீ இலவசமாகச் செய்த வேலையை மனிதன் ஆண்டுதோறும் செலவு செய்து செய்கிறான். நிறுத்தினால் குருவி மறுபடியும் குறையும்.

ஒரு காட்டுக்கு நல்லது இன்னொரு காட்டுக்குக் கேடாகலாம். எந்தக் காடு, எந்த மரம், எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை தீ என்று கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும். உங்கள் பிள்ளைகளுக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளைக் கீழே எழுதுங்கள்.