பெரிய சுவிம்பெயிட் தூண்டில் கருவிகள்

பெரிய சுவிம்பெயிட் என்பது நீந்தும் மீனின் உருவத்தையும் அசைவையும் ஒத்திருக்குமாறு செய்யப்படும் போலி இரை ஆகும். பொதுவாக 6 அங்குலத்திற்கு (15 செ.மீ.) மேற்பட்ட நீளமும் 2 அவுன்சுக்கு (57 கிராம்) மேற்பட்ட எடையும் உடையவை இவ்வாறு அழைக்கப்படுகின்றன. இவற்றை எறிவதற்குத் தனிக் கருவிகள் தேவைப்படுகின்றன.

தோற்றம்

இம்முறை ஐக்கிய அமெரிக்காவின் தெற்குக் கலிபோர்னியாவில் வளர்ந்தது. அங்குள்ள நீர்த்தேக்கங்களில் குளிர்காலத்தில் விடப்படும் வானவில் டிரவுட் மீன்களை உண்டு பெருவாய் பாஸ் மீன்கள் பெரிதாக வளர்கின்றன. அவற்றைக் கவர டிரவுட் மீனின் வடிவில் போலி இரைகள் செய்யப்பட்டன. ஆலன் கோல் என்பவர் உருவாக்கிய ஏ.சி. பிளக் இவற்றுள் முன்னோடியானது.

கோல்

ஒவ்வொரு கோலும் தாங்கக்கூடிய இரையின் எடை, கைப்பிடிக்கு அருகே அதன் மீது அச்சிடப்பட்டிருக்கும். சாதாரண பாஸ் கோல்கள் பல 1 அவுன்சு (28 கிராம்) வரையிலான எடைக்கே உரியவை. அவற்றால் 4 அவுன்சு இரையை எறிந்தால் கோல் முறியக்கூடும். எனவே முதலில் இரையை முடிவு செய்து, அதன் எடைக்கேற்ற கோலைத் தேர்ந்தெடுப்பதே முறையாகும். தொடக்கநிலையினருக்கு 2 முதல் 6 அவுன்சு வரை தாங்கும், ஏறத்தாழ 8 அடி (2.4 மீ.) நீளமுள்ள கோல் பொருத்தமானது.

ரீல்

தடித்த தங்கூசியைப் போதிய நீளத்திற்குச் சுற்ற அகன்ற உருளை தேவை. உற்பத்தியாளர்கள் 300 அல்லது 400 என எண்ணிடும் ரீல்கள் இதற்கு ஏற்றவை.

தங்கூசி

20 முதல் 25 பவுண்டு வலுவுள்ள ஒற்றையிழை நைலான் தங்கூசி தொடக்கநிலையினருக்கு ஏற்றது. இது சற்று நீளும் தன்மையுடையதால் திடீர் அதிர்ச்சியைத் தாங்குகிறது. பின்னல் தங்கூசி மெல்லியது, ஆனால் நீளாது. அதனால் 65 முதல் 80 பவுண்டு வலுவுள்ளதே பயன்படுத்தப்படுகிறது.

எறியும் முறையும் பாதுகாப்பும்

தங்கூசி வெளியேறும் வேகத்தைவிட உருளை வேகமாகச் சுழன்றால் தங்கூசி சிக்கிக்கொள்ளும். அப்போது கனமான இரை வானில் திடீரெனத் தடுக்கப்பட்டு, தங்கூசி அறுந்து பறந்துவிடும். மும்முனை முட்களுடன் பறக்கும் இத்தகைய இரை அருகிலிருப்போரைக் காயப்படுத்தலாம். இதனைத் தவிர்க்க, வெடுக்கென வீசாமல் இரு கைகளாலும் கோலைப் பிடித்து மெதுவாகச் சுழற்றி எறிய வேண்டும். இரை நீரைத் தொடும் முன் கட்டைவிரலால் உருளையை நிறுத்த வேண்டும். எறிவதற்கு முன் பின்புறம் எவரும் இல்லை என்பதை உறுதி செய்வதும், முடிச்சையும் அதனை அடுத்துள்ள தங்கூசியையும் அடிக்கடி சோதிப்பதும் இன்றியமையாதவை.