கரை கடந்த பிறகு

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. அதற்குள் கரையோர ஊர்களிலிருந்து 80,000-க்கும் மேற்பட்டவர்களை அரசு முகாம்களில் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தது. அப்படியும் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த வெளியேற்றம் நடக்காமல் போயிருந்தால் இந்த எண்ணிக்கை எங்கே போய் நின்றிருக்கும் என்று நினைக்கவே நடுக்கமாக இருக்கிறது. இத்தனை ஆண்டுகள் கழித்து இன்று கஜா என்றதும் நினைவில் எழுவது வேரோடு சாய்ந்த தென்னந்தோப்புகளும், முறிந்து கிடந்த மின்கம்பங்களும், இருளில் கிடந்த டெல்டா கிராமங்களும்தான். கரையேறிய அன்று பகலில் அந்தப் புயல் எங்கே இருந்தது என்று கேட்டால் பலரிடம் பதில் இருக்காது. அது ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக வலுக்குறைந்து திண்டுக்கல் பக்கம் வந்திருந்தது. பிறகு மலையேறிக் கேரளாவுக்குள் போனது. கொடைக்கானலை அடுத்த சின்னப்பள்ளத்தில் மண் சரிந்து, வெளியூரிலிருந்து வேலைக்கு வந்து தங்கியிருந்த தொழிலாளர்கள் 4 பேர் புதையுண்டு இறந்தார்கள். புயல் கரையேறிய இடத்திலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே நடந்த சாவு அது. நம் புயல் வரலாறு கரையோடு முடிந்துவிடுகிறது. வெளியேற்றத்தின் வரலாறும் அங்கேயே நின்றுவிடுகிறது. தேனி மாவட்டத்தில், மூல வைகைக் கரையில் இருக்கும் கடமலைக்குண்டிலிருந்து பார்த்தால் அது பாதியில் விடப்பட்ட வரலாறு என்பது என் வாதம்.

கரையின் நினைவுக்கு அடித்தளம் போட்டது தனுஷ்கோடி. 1964 டிசம்பர் நடுவில் அந்தமானுக்குத் தெற்கே உருவான தாழ்வு, புயலாக வலுத்து, இலங்கையின் வடபகுதியைக் கடந்து, 22-ஆம் தேதி இரவு தனுஷ்கோடியை விழுங்கியது. பாம்பனிலிருந்து கிளம்பிய 653-ஆம் எண் பயணிகள் ரயில் தனுஷ்கோடி நிலையத்தைத் தொடும் தூரத்தில் அலைக்குள் போனது; அதில் பயணிகள் 110 பேரும் ரயில்வே ஊழியர்கள் 5 பேரும் இருந்ததாகப் பதிவு. இந்தியாவிலும் இலங்கையிலுமாக ஏறத்தாழ 1,800 பேர் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். அன்று புயலைப் பின்தொடர இன்றைய கருவிகள் கிடையாது. இந்தியாவில் புயலைக் கண்டறியும் முதல் ராடார் விசாகப்பட்டினத்துக்கு வந்ததே 1970-இல்தான். ஆகவே அந்த இரவின் பழியை ஓர் அலுவலகத்தின் மேலோ ஓர் அதிகாரியின் மேலோ சுமத்துவது நியாயமாகாது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தனுஷ்கோடியில் வெளியேற்றம் சாவுக்கு முன்னால் நடக்கவில்லை, பின்னால் நடந்தது. எஞ்சியவர்கள் அகற்றப்பட்டார்கள், வாழத் தகுதியற்ற ஊர் என்று அரசு அறிவித்தது. சிதைந்த பாம்பன் பாலத்தைப் பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் மறுபடி நிறுத்தினார்கள். அது பெருமைக்குரிய சாதனைதான். ஊரோ திரும்ப வரவேயில்லை. மீனவக் குடும்பங்கள் மட்டும் தாமாகவே போய்க் குடிசை போட்டுக்கொண்டன. அரிச்சல்முனை வரை தார்ச்சாலை போய்ச் சேர 2017 ஆனது. இன்று தனுஷ்கோடியில் இடிந்த தேவாலயத்தின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறவர்களின் மனத்தில் புயல் என்பது கடல் செய்யும் காரியமாகவே பதிகிறது. அந்தப் பதிவு உண்மையானது. அது மட்டுமே உண்மையாகிவிடுவதில்தான் ஆபத்து.

அதை உடைக்கும் சான்று 1977-இல் இருக்கிறது. அந்த ஆண்டு நவம்பர் 12 அன்று நாகப்பட்டினத்துக்குத் தெற்கே கரையேறிய புயல் தஞ்சாவூர், புதுக்கோட்டை, திருச்சி என்று உள்நாட்டைக் குறுக்காக வெட்டிக்கொண்டு மேற்கே போய் அரபிக்கடலில் இறங்கியது. ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். திருச்சி நகரம் வெள்ளத்தில் மூழ்கியது. ஒரே வாரம் கழித்து ஆந்திராவின் திவிசீமையில் பத்தாயிரம் பேரைக் கொன்ற இன்னொரு புயல் வந்து, நாட்டின் கவனத்தை முழுக்க இழுத்துக்கொண்டது. தமிழ்நாட்டுப் புயலின் உள்நாட்டுக் கதை அதன் பின்னால் மறைந்தே போனது. திண்டுக்கல் பக்கம் வேடசந்தூருக்கு அருகில், அழகாபுரியில் குடகனாற்றின் குறுக்கே 1958-இல் கட்டிய மண் அணை அந்த மழையில்தான் உடைந்தது. வெள்ளம் ஏறியதும் ஊழியர்கள் ஷட்டர்களைத் தூக்கினார்கள். பாதி தூக்கும்போதே மின்சாரம் போனது. ஜெனரேட்டரை ஓட்டிப் பார்த்தார்கள், பலனில்லை. கையால் சுற்றிப் பார்த்தார்கள். தண்ணீர் கரையின் மேலேறி, மறுபக்கச் சரிவை அரித்துக்கொண்டு வழிந்தது. இருபது மீட்டரிலிருந்து இருநூறு மீட்டர் வரை நீளமான உடைப்புகள். காற்று மின்கம்பியை அறுக்கிறது, மின்சாரம் போனதால் ஷட்டர் நிற்கிறது, ஷட்டர் நின்றதால் அணை போகிறது. புயல் உள்நாட்டில் கொல்லும் முறை இது. காற்றின் வேகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது கண்ணில் படாது.

இப்போது கடமலைக்குண்டுக்கு வருவோம். ஆண்டிபட்டி வட்டத்தில், ஒரு பக்கம் மேகமலைத் தொடரும் மறுபக்கம் ஆண்டிபட்டி மலையும் நெருக்கும் பள்ளத்தாக்கு இது. மேலே வெள்ளிமலை, அரசரடிப் பக்கத்து ஓடைகள் சேர்ந்து மூல வைகையாகி, வாலிப்பாறை, வருசநாடு, மயிலாடும்பாறை, கடமலைக்குண்டு என்று வடக்கே இறங்கி வைகை அணைக்குப் போகிறது. கடல் இங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல். ஆண்டின் பெரும்பகுதி ஆறு மணலாகக் கிடக்கும். அந்த மணலுக்குள் இறக்கிய உறைகிணறுகளை நம்பித்தான் பல ஊராட்சிகளின் குடிநீர். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வங்கக்கடலில் ஒரு சுழல் எழுந்து மேற்கே நகர்ந்தால்தான் மேகமலைத் தொடரின் கிழக்குச் சரிவில் கனமழை இறங்கும். அந்த மழை நிதானமாக வராது. மலை செங்குத்து, ஓடைகள் குட்டை. உச்சியில் கொட்டுகிற மழை சில மணி நேரத்தில் தரைப்பாலத்தின் மேல் ஓடும். அணைக்குக் கீழே இருப்பவர்களுக்கு ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. 71 அடி வைகை அணையில் நீர் 66 அடியைத் தொட்டால் முதல் எச்சரிக்கை, 68.5 அடிக்கு இரண்டாவது, 69 அடிக்கு மூன்றாவது. தேனி தொடங்கி ராமநாதபுரம் வரை ஐந்து மாவட்டங்களின் ஆற்றங்கரை மக்களுக்கு அறிவிப்பு போகும். அந்த அடிக்கணக்கு அணைக்கு மேலே இருக்கும் கடமலைக்குண்டுக்கு எதற்கும் உதவாது. அணையில் 66 அடி ஏறுவதற்குக் காரணமான வெள்ளம் இந்த ஊரை ஏற்கெனவே கடந்துபோயிருக்கும். அணைக்கு நீர் தருகிறவர்கள் அணையின் எச்சரிக்கைக்கு வெளியே இருக்கிறார்கள். இந்த முரண் எனக்குப் பொறுத்துக்கொள்ள முடியாததாகவே படுகிறது.

இதற்கு உடனே எழக்கூடிய மறுப்பு, எண்ணிக்கை சார்ந்தது. கரையில் ஆயிரக்கணக்கில் சாகிறார்கள், மலையடியில் விரல்விட்டு எண்ணலாம். இருக்கும் ஆட்களையும் படகுகளையும் பணத்தையும் கரைக்குத்தானே அனுப்ப வேண்டும்? கரைக்கு முதலிடம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கரையில் சாவு குறைந்ததே இந்த வாதத்தைத் திருப்பிப் போடுகிறது. 1964-இல் நடக்காத வெளியேற்றம் 2018-இல் நடந்ததால், கடலலையில் சாவது பெருமளவு தடுக்கப்பட்டது. அப்படித் தடுக்கத் தடுக்க, மிச்சமிருக்கும் சாவுகளில் மண்சரிவு, சுவர் இடிவது, காட்டாற்று வெள்ளம், அறுந்த மின்கம்பி ஆகியவற்றின் பங்கு ஏறிக்கொண்டே போகும். இவற்றுக்குக் கரை, உள்நாடு என்ற பேதம் கிடையாது. புயல் என்ற பெயரே தேவையில்லை என்பதை 2023 டிசம்பர் காட்டியது. குமரிக்கடல் பக்கம் நின்ற, பெயரிடும் அளவுக்குக்கூட வளராத ஒரு சுழற்சி காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது. தாமிரபரணிக் கரை முழுக்க மூழ்கியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஏறத்தாழ 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. அதற்கு அப்பால் தண்டவாளத்தின் அடியில் ஜல்லியும் மண்ணும் அடித்துக்கொண்டு போயிருந்தன. 1964-இன் ரயில் போய்விட்டது, 2023-இன் ரயில் நிறுத்தப்பட்டது. அத்தனை பயணிகளும் உயிர் பிழைத்தார்கள். முன்னெச்சரிக்கை உயிரைக் காக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். அந்த முன்னெச்சரிக்கையை ஒரு தண்டவாளத்துக்குத் தர முடிந்த நாம், ஒரு தரைப்பாலத்துக்கும் தர முடியும்.

இரண்டாவது மறுப்பு இன்னும் ஆழமானது. அது இந்தப் பள்ளத்தாக்கின் உள்ளிருந்தே வருகிறது. இங்கே வெள்ளம் வரம்தானே, அதை எதற்கு ஆபத்து என்று எழுதி வைக்க வேண்டும்? கம்பம் பள்ளத்தாக்கும் வருசநாட்டுப் பள்ளத்தாக்கும் தண்ணீர் இல்லாமையின் நினைவில் வளர்ந்தவை. 1876-இல் தொடங்கிய தாது வருசப் பஞ்சம் இன்றும் இந்தப் பகுதியின் பேச்சில் உண்டு. அந்தப் பஞ்சத்தின் தொடர்ச்சியாகவே முல்லைப் பெரியாறு அணைத் திட்டம் உயிர்பெற்றது; அணையை 1895-இல் பொறியாளர் பென்னிகுவிக் கட்டி முடித்தார். அவருக்கு லோயர் கேம்பில் மணிமண்டபம் இருக்கிறது, வீடுகளில் படம் இருக்கிறது, பொங்கல் வைக்கிறார்கள். அணை கட்டும்போது வெள்ளம் தொடக்கக் கட்டுமானத்தை அடித்துக்கொண்டு போன கதையும் அதில் உண்டு. ஆனால் கதையில் வெள்ளத்துக்குக் கிடைத்த வேடம் நாயகனின் வழியில் வந்த தடை மட்டுமே. மூல வைகையில் தண்ணீர் வந்தால் இந்தப் பக்கத்து மனிதர்கள் ஆற்றங்கரைக்குப் போய் நின்று பார்ப்பார்கள். நிலத்தடி நீர் ஏறும், தென்னை பிழைக்கும், மாதக்கணக்கில் லாரித் தண்ணீருக்குக் காத்திருந்த தெருவில் குழாய் ஓடும். இந்த மகிழ்ச்சியைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. நான் சொல்வது வேறு: வறட்சியின் நினைவு பெரியதாக இருப்பதால் வெள்ளத்தின் நினைவு தங்குவதில்லை. எந்த ஆண்டு எந்தத் தரைப்பாலம் மூழ்கியது, எந்த உறைகிணறு இடிந்தது, எந்த மலைக்கிராமம் எத்தனை நாள் துண்டிக்கப்பட்டது என்பதெல்லாம் அடுத்த கோடையில் மறைந்துவிடுகின்றன. இலவம்பஞ்சு விலையை இருபது ஆண்டுக்குப் பின்னோக்கிச் சொல்லக்கூடிய ஊரில், ஆற்றின் உயரத்தைச் சொல்ல ஒரு சுவரில்கூடக் கோடு போட்டு வைக்காமல் இருக்கக் கூடாது. வரத்தையும் ஆபத்தையும் ஒரே ஆறு கொண்டுவரும் இடத்தில் இரண்டுக்கும் கணக்கு வேண்டும்.

வெளியேற்றம் என்ற யோசனைக்கே இந்த மலையடியில் இன்னொரு தடை இருக்கிறது. கரையில் அதிகாரி வந்து வீட்டை விட்டுக் கிளம்பச் சொன்னால், மீனவர் தன் படகையும் வலையையும் நினைத்துத் தயங்குவார். இரண்டு நாளில் திரும்பிவிடுவோம் என்ற நம்பிக்கையாவது அவருக்கு இருக்கும். வருசநாட்டு மலைக்கிராமங்களில் அந்த நம்பிக்கை கிடையாது. மேகமலை வன உயிரினச் சரணாலயமாகி, 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியாகவும் ஆனது. அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே வனத்துறை வெளியேறச் சொல்வதும், தலைமுறையாக உழுகிறோம் என்று மக்கள் எதிர்ப்பதும் இங்கே தொடர்ந்து நடக்கின்றன. பள்ளத்தாக்கின் வாயிலில், 1959-இல் திறந்த வைகை அணைக்காக நிலத்தையும் வீட்டையும் இழந்து நிரந்தரமாக நகர்ந்த குடும்பங்களின் நினைவும் பக்கத்திலேயே இருக்கிறது. இப்படிப்பட்ட இடத்தில் மழைக்காக இரண்டு நாள் கீழே வந்து இருங்கள் என்று சொன்னால், அதைக் கேட்பவர் காதில் நிரந்தர வெளியேற்றத்தின் முதல் அடியாகத்தான் அது விழும். தனுஷ்கோடியில் நடந்ததும் அதுதானே? உயிர் தப்பியவர்களிடம் அந்த நிலத்தில் இனி இருக்கக் கூடாது என்றுதான் சொன்னார்கள். வெளியேற மறுக்கும் மக்களை அறியாமை கொண்டவர்கள் என்று எழுதுவது எளிது. அவர்கள் பார்த்தது என்ன என்று பார்த்த பிறகு அப்படி எழுத என்னால் முடியவில்லை. திரும்பி வரும் உரிமை எழுத்தில் உறுதியானால்தான் ஆபத்துக் காலத்தில் ஆள் கிளம்புவார். அந்த உறுதியை வனத்துறையும் வருவாய்த் துறையும் சேர்ந்து, மழைக்கு முன்பே, கிராமசபையில் வைத்துத் தர வேண்டும். மழை தொடங்கிய பிறகு ஒலிபெருக்கியில் கெஞ்சுவதால் அந்த அவநம்பிக்கை தீராது.

இவ்வளவு பெரிய சிக்கலுக்கு, வெள்ளத்தை எழுதிவைக்கும் ஒரு பதிவேடு போதுமா என்று கேட்கலாம். போதாதுதான். ஆனால் கரையில் முகாம்களும் ஒத்திகைகளும் வந்ததே 1964, 1977, 2004 சுனாமி என்று ஒவ்வொரு சாவுக் கணக்கும் எழுதப்பட்டதால்தான். எழுதப்படாத வெள்ளத்துக்கு யாரும் நிதி ஒதுக்கப்போவதில்லை. கடமலைக்குண்டும் மயிலாடும்பாறையும் அடங்கிய கடமலை - மயிலை ஒன்றியம் இதைத் தன் பக்கத்திலிருந்து தொடங்கலாம். தரைப்பாலம் தரைப்பாலமாக, மேலே எந்த ஊரில் எவ்வளவு மழை பெய்தால் எத்தனை மணி நேரத்தில் அங்கே தண்ணீர் ஏறியது என்பதை முதியவர்களிடம் கேட்டு எழுதலாம். மேட்டில் இருக்கும் எந்தப் பள்ளிக்கூடத்தின் சாவி மழைநாளில் யாரிடம் இருக்கும் என்பதையும் அதில் சேர்க்கலாம். மாடுகளையும் விட்டுவிடக் கூடாது. மலைமாட்டுக் கிடை வைத்திருப்பவர் கிடையை விட்டுத் தனியாக இறங்கி வரமாட்டார். 1977 புயலில் ஆயிரக்கணக்கான கால்நடைகள் போயின. வீட்டுக்கு வீடு பிழைப்பு போனது என்றே அதற்குப் பொருள். கிடை மாடுகளுக்கும் ஆடுகளுக்கும் மேட்டில் இடமும் இரண்டு நாள் தீவனமும் ஒதுக்காத முகாமை இந்தப் பள்ளத்தாக்கில் திறந்து வைத்தால், அது காலியாகத்தான் கிடக்கும்.