பக்கத்தில் அமர ஒருவர்: பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் சொல்லும் இசை வரலாறு

ஒவ்வோர் ஆண்டும் நவராத்திரிக்குச் சில நாள்களுக்கு முன்பு பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து சரஸ்வதி புறப்படுகிறாள். கம்பர் வழிபட்ட சிலை அது என்பது மரபு. வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் உடன் வர, ஊர்வலம் குழித்துறையில் ஓரிரவு தங்குகிறது. மறுநாள் களியக்காவிளையில் மாநில எல்லையைக் கடந்து, பாறசாலை வழியாக நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோயிலை அடைகிறது. மூன்றாம் நாள் திருவனந்தபுரம். அங்கே கோட்டைக்குள் உள்ள நவராத்திரி மண்டபத்தில் ஒன்பது மாலைகள் அவள் முன்னிலையில் இசை நிகழ்கிறது.

அவள் கடந்து செல்லும் பாறசாலையில் 1924ஆம் ஆண்டு நவம்பரில் தமிழ் பேசும் குடும்பமொன்றில் பிறந்தவர் பொன்னம்மாள். அதே மண்டபத்தில் அவர் அமர்ந்து பாடியது 2006ஆம் ஆண்டில். வயது 82ஐ நெருங்கியிருந்தது. அங்கே பாடிய முதல் பெண் அவர். ஐம்பத்தைந்து கிலோமீட்டருக்கும் குறைவான அந்த வழியைக் கடக்க ஒரு பெண்குரலுக்கு ஏன் இவ்வளவு காலம் ஆயிற்று? இக்கேள்விக்கு விடை தேடும்போது, இசை வரலாற்றில் அதிகம் பேசப்படாத வேறொரு கேள்வியும் எதிர்ப்படுகிறது: பாடத் தெரிந்த ஒருவர் தம்முடன் வாசிக்க ஆளை எவ்வாறு கண்டடைகிறார்?

கருநாடக இசையில் தனிக்குரல் என்பது பெயரளவில்தான். கச்சேரிக்கு வயலின் வேண்டும், மிருதங்கம் வேண்டும், பின்னால் தம்பூரா வேண்டும். தமிழில் இதைப் பக்கவாத்தியம் என்கிறோம்; எல்லைக்கு அப்பால் மலையாளத்தில் பக்கமேளம் என்கிறார்கள். இரண்டு சொற்களிலும் ‘பக்கம்’ பொதுவாக நிற்கிறது. அருகில் அமர்தல் என்ற உடல்சார்ந்த, சமூகஞ்சார்ந்த செயலே இக்கலையின் அடிப்படை என்பதை அச்சொல் மறைக்காமல் காட்டுகிறது. யார் யாருக்கு அருகில் அமரலாம் என்பது இந்நிலத்தில் ஒருபோதும் வெறும் இசைக் கேள்வியாக இருந்ததில்லை.

புகழ்பெற்றோர் வரலாற்றிலேயே இதற்குச் சான்றுகள் உண்டு. பழனி சுப்பிரமணிய பிள்ளை இடக்கை வாசிப்பாளர். அவருடைய மிருதங்கத்தின் வலந்தலை அவையை நோக்க வேண்டுமானால் வயலின்காரர் தம் வழக்கமான இடத்தை விட்டு மாறி அமர வேண்டும். அதற்கு உடன்படாத வயலின் கலைஞர்கள் இருந்தார்கள். செம்பை வைத்தியநாத பாகவதர் உறுதியாக நின்றதால்தான் மேடைகள் அவருக்குத் திறந்தன. பாலக்காடு மணி அய்யர் நெடுங்காலம் பெண்களுக்கு வாசித்ததில்லை, டி. கே. பட்டம்மாளுக்கு வாசித்தபோதுதான் அந்த வழக்கம் தளர்ந்தது. மேதைகளுக்கே இந்நிலை என்றால், எல்லைக் கிராமமொன்றில் வீட்டுக்குள் பாடிக்கொண்டிருந்த பெயரற்ற ஆர்வலரின் நிலையை ஊகிப்பது கடினமன்று. வயலின்காரரை அழைத்துவர அறிமுகம் வேண்டும், சன்மானம் வேண்டும், அவர் வந்து அமரத்தக்க இடம் வேண்டும். இவை இல்லாதவரின் பின்வாங்கலை ஊர் ‘கூச்சம்’ என்றே அழைத்திருக்கும். அது இயல்பான குணமா, மூடிய கதவுகளின் முன் நின்று நின்று படிந்த பழக்கமா என்று பிரித்தறிய வழியில்லை.

பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் தென் திருவிதாங்கூரின் பகுதிகள். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீசுவரம் ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்கு வந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கோரியும் நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. ஆனால் இசையைப் பொறுத்தவரை அதற்கு முன்பே அங்கு வேறு எல்லைகள் இருந்தன. கோயிலும் அரண்மனையுமே செவ்விசையின் களங்கள். 1936 நவம்பர் 12 அன்று சித்திரைத் திருநாளின் ஆலயப் பிரவேச அறிவிப்பு வெளிவரும்வரை, மக்களில் பெரும்பகுதியினர் அந்தக் களங்களுக்குள் நுழையவே முடியாது.

உள்ளே நுழைய முடியாதவர்களுக்கு முதலில் கிடைத்த கூட்டு இசைக்களம் தேவாலயம். 19ஆம் நூற்றாண்டில் லண்டன் மிஷன் சங்கத்தின் பணித்தளங்களுள் ஒன்றாகப் பாறசாலை இருந்தது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் வழிவந்த தமிழ்க் கீர்த்தனை மரபு தென் திருவிதாங்கூர்ச் சபைகளில் வேரூன்றியது. நெய்யாற்றின்கரைக்கு அருகிலுள்ள திருப்புறத்தில் 1847இல் பிறந்த மோசவத்சலம் சாஸ்திரியார் அதே ராக தாள அமைப்பில் மலையாளத்தில் கீர்த்தனைகள் இயற்றினார். அவை இன்றும் பாடப்படுகின்றன. சபைப் பாடலின் அமைப்பே கூச்சமுடையவருக்கு இடம் தருவது. ஒருவர் அடியை எடுத்துக் கொடுக்கிறார், மற்றவர்கள் வாங்கிப் பாடுகிறார்கள். பிழையாகப் பாடினாலும் பெருங்குரல் அதை மூடிக்கொள்ளும். தனியாகப் பாட அஞ்சுபவர் பாடகராவதற்கு இதைவிட எளிய வாயில் அன்று இல்லை. ஆனால் அது வழிபாட்டின் வாயில். கச்சேரி மேடைக்கு அது வழிவிடவில்லை.

இரண்டாவது வாயில் 1939இல் திறந்தது. திருவனந்தபுரத்தில் தொடங்கப்பட்ட இசைக் கழகத்துக்கு நெல்லைச் சீமையின் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் முதல் முதல்வரானார். பின்னர் செம்மங்குடி சீனிவாச அய்யர் அப்பொறுப்பை ஏற்றார். அதுவே இன்றைய சுவாதித் திருநாள் இசைக் கல்லூரி. குருவின் வீட்டில் தங்கிக் கற்கும் முறைக்கும் கல்லூரிக்கும் உள்ள வேறுபாடு பாடத்திட்டத்தில் மட்டும் இல்லை. வாய்ப்பாட்டு, வீணை, வயலின், மிருதங்கம் கற்பவர்கள் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். பாடும் மாணவருக்குப் பக்கத்தில் அமரக்கூடியவர் அடுத்த அறையிலேயே இருந்தார். அறிமுகத்தையும் சன்மானத்தையும் குலத்தொடர்பையும் கொண்டு முன்பு தேடவேண்டியிருந்த துணையை நிறுவனம் கால அட்டவணையாக மாற்றித் தந்தது.

அக்கல்லூரியின் முதல் மாணவியாகச் சேர்ந்தவர் பாறசாலைப் பொன்னம்மாள். கானபூஷணத் தேர்வில் முதலிடம் பெற்றார். பருத்திக்குன்று என்று பொருள்படும் காட்டன்ஹில் பகுதியின் பெண்கள் பள்ளியில் இசையாசிரியராகப் பணி தொடங்கினார். பின்னர், தாம் பயின்ற கல்லூரியிலேயே முதல் பெண் ஆசிரியரானார். திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. இசைக் கல்லூரிக்குப் பெண் ஒருவர் முதல்வரானதும் அவர் மூலமே.

அவரிடம் கற்றவர்களுள் ஒருவர் நெய்யாற்றின்கரை வாசுதேவன். 1940இல் நெய்யாற்றின்கரைக்கு அருகே எளிய குடும்பமொன்றில் பிறந்தவர். சுவாதித் திருநாள் கல்லூரியில் பயின்று, ராமநாதபுரம் கிருஷ்ணனிடமும் செம்மங்குடியிடமும் மேற்பயிற்சி பெற்றார். ஆர்.எல்.வி. கல்லூரியில் விரிவுரையாளராக இருந்தபின் அவர் நிலைத்த இடம் வானொலி.

வானொலி மூன்றாவது வாயில். திருவிதாங்கூர் அரசு 1943இல் தொடங்கிய ஒலிபரப்பு நிலையம் 1950 ஏப்ரலில் அகில இந்திய வானொலியுடன் இணைந்தது. வானொலி தமிழுக்குத் தந்த சொற்களுள் ‘நிலைய வித்துவான்’ ஒன்று. மாத ஊதியத்தில் வயலின், மிருதங்கக் கலைஞர்களை நிலையமே வைத்துக்கொண்டது. பாட வருபவர் தம் துணைக்குழுவைத் தாமே திரட்டிவர வேண்டிய கட்டாயம் நீங்கியது. ஒரு குக்கிராமத்திலிருந்து பேருந்தேறித் தனியாக வருபவருக்கும் ஒலிப்பதிவுக் கூடத்தில் தேர்ந்த கலைஞர்கள் காத்திருந்தார்கள். 1950களில் நாடெங்கும் முறைப்படுத்தப்பட்ட குரல்தேர்வில், பாடுபவரின் முகம் தேர்வாளர்களுக்குத் தெரியாத ஏற்பாடும் வந்தது. அம்முறைமேல் குறைகூறியவர்கள் பலர். மூத்த கலைஞர்கள் தேர்வெழுதுவதா என்று எதிர்த்தவர்களும் உண்டு. ஆனால் யாருடைய மகன், எந்தத் தெருவினர் என்ற கேள்விக்கு முன்பே குரல் கேட்கப்பட்டது என்பது சிறிய மாற்றம் இல்லை. வாசுதேவன் திருவனந்தபுரம் நிலையத்தின் கலைஞரானார். 2004இல் பத்மஸ்ரீ பெற்று, 2008இல் மறைந்தார்.

இம்மூன்று வாயில்களையும் வரிசையாக வைத்து முன்னேற்றக் கதை எழுதிவிடலாம். அக்கதையை நவராத்திரி மண்டபம் தடுக்கிறது. எண்ணெய் விளக்குகளின் ஒளியில், கைதட்டல் இன்றி, ஒவ்வொரு மாலைக்கும் சுவாதித் திருநாளின் ஒரு கீர்த்தனை முதன்மை பெறும் அந்த மண்டபத்தில் பொன்னம்மாளின் ஆசான் செம்மங்குடி பலமுறை பாடியிருக்கிறார். அதே கீர்த்தனைகளைத் தலைமுறைகளுக்குக் கற்பித்த பொன்னம்மாள் அங்கே பாட இடமில்லை. கல்லூரி அவரை மாணவியாக்கியது, ஆசிரியராக்கியது, முதல்வராக்கியது. ஆனால் கல்விமேடையில் கிடைத்த தகுதி சடங்குமேடையில் செல்லவில்லை. தேவாலயத்தின் வாயில் கச்சேரிக்கு வழிவிடாததைப் போலவே கல்லூரியின் வாயிலும் மண்டபத்துக்கு வழிவிடவில்லை. ஒரு நிறுவனம் திறக்கும் கதவு மற்றொன்றின் கதவைத் தானாகத் திறப்பதில்லை என்பதற்கு இவ்விரண்டு ஊர்களின் வரலாறு தெளிவான சான்று.

2006இல் அவ்வழக்கம் உடைந்தபோது பரவலாகப் பேசப்பட்டது ஒரு மூதாட்டியின் வெற்றி. அன்று நிகழ்ந்தது வேறொரு கோணத்திலும் பார்க்கத்தக்கது. அம்மாலை பொன்னம்மாளுக்கு இருபுறமும் வாத்தியங்கள் அமர்ந்தன. சரஸ்வதியின் முன்னால் ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில் அமர்ந்து வாசிப்பது அந்த மண்டபத்தில் அன்றுதான் இயல்வதாயிற்று. மரபு மாறியது பாடியவருக்கு மட்டும் இல்லை, பக்கத்தில் இருந்தவர்களுக்கும்தான். அதன்பின் பெண் கலைஞர்கள் அங்கே பாடிவருகிறார்கள். பொன்னம்மாள் 2017இல் பத்மஸ்ரீ பெற்று, 2021 ஜூன் மாதம் 96 வயதில் மறைந்தார்.

கலைஞர்களின் வாழ்க்கை வரலாறுகள் பெரும்பாலும் குரு, சாதகம், அருள் ஆகிய மூன்றையும் சுற்றியே எழுதப்படுகின்றன. முதன்முதலில் ஒருவருக்குப் பக்கத்தில் யார் அமர்ந்தார், எந்த அறையில், யாருடைய செலவில் என்ற கேள்விகளுக்கு அவற்றில் இடம் குறைவு. மேடையேறியோரின் வரலாற்றிலேயே இக்குறை இருக்கும்போது, துணை கிடைக்காமல் பாடுவதை நிறுத்திக்கொண்டவர்களைப் பற்றி எந்த ஆவணமும் இருக்க வாய்ப்பில்லை. ஊர்வலம் பாறசாலையைக் கடக்கும் நாளில் சாலையோரம் நின்று கும்பிடும் கூட்டத்தில் அவர்களும் தலைமுறை தலைமுறையாக இருந்திருப்பார்கள். சரஸ்வதி ஆண்டுதோறும் அவர்கள் வாசல் வரை வந்தாள். அங்கிருந்து மண்டபம் வரை அவர்கள் செல்வதற்குத்தான் வழி இல்லை.